ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை, இஎஃப் 60. அப்புறம் ஏன் மூச்சு வாங்குகிறது?

கேட்டிருப்பது இது: “என் அக்காவுக்கு வயது 29, கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ராத்திரி படுத்தால் இருமல். ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்துப் பார்த்தார்கள், கேட்கவில்லை. எக்கோ எடுத்ததில் ‘ருமாட்டிக் இதய நோய், சிவியர் மைட்ரல் ஸ்டெனோசிஸ், வால்வு பரப்பு 1.1 சதுர செ.மீ., இஎஃப் 60 சதவீதம்’ என்று வந்திருக்கிறது. பலூன் வைத்து விரிக்க வேண்டும் என்கிறார்கள். இஎஃப் நார்மல்தானே, எதற்குப் பலூன்? அவள் குழந்தை பெற்றுக்கொள்ளலாமா? எங்கள் சித்தப்பாவுக்கு 52 வயது, தினமும் குடிப்பவர். அவருக்கு இஎஃப் 30, ஆனால் ஆஞ்சியோவில் அடைப்பே இல்லை. இதயத் தசை பலவீனம் என்று மாத்திரை தருகிறார்கள். இது குடும்பத்தில் வருகிற நோயா? எனக்கும் வருமா?”

அக்காவுக்கு இருப்பது வால்வு நோய். சித்தப்பாவுக்கு இருப்பது தசை நோய். இரண்டுக்கும் மூச்சு வாங்கும், இரண்டிலும் கால் வீங்கலாம், இரண்டும் ரத்தக்குழாய் அடைப்பினால் வந்தவை அல்ல. ஒற்றுமை அவ்வளவுதான். காரணம் வேறு, வைத்தியம் வேறு, குடும்பத்துக்கு அதனால் வரும் கவலையும் வேறு.

நான் எக்கோ, அதாவது அல்ட்ராசவுண்ட் வைத்து இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன், எடுக்கிற வேலையில் இருப்பவன். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லாரும் தேடுவது இஎஃப் எண்ணைத்தான். 60 என்றால் முகம் தெளிந்துவிடும், 30 என்றால் அழ ஆரம்பித்துவிடுவார்கள். அந்த எண் என்ன சொல்கிறது என்பது மட்டும் அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இதயத்தின் இடது கீழறை ஒருமுறை சுருங்கும்போது, உள்ளே இருக்கும் ரத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கை வெளியே தள்ளுகிறது என்பதே இஎஃப். 55 முதல் 70 வரை இயல்பு. அந்த அறைக்குள் ரத்தம் தடையில்லாமல் வந்ததா, தள்ளப்பட்ட ரத்தம் சரியான திசையில் போனதா என்ற இரண்டு கேள்விக்கும் இந்த எண்ணில் பதில் இல்லை. வால்வு நோய் என்பதே இந்த இரண்டு கேள்விகள்தான்.

அக்காவின் விஷயத்துக்கு வருவோம். நுரையீரலில் சுத்தமான ரத்தம் இடது மேலறைக்கு வந்து, அங்கிருந்து மைட்ரல் வால்வு வழியாக இடது கீழறைக்கு இறங்க வேண்டும். ஆரோக்கியமான ஒருவருக்கு இந்த வால்வு 4 முதல் 6 சதுர செ.மீ. வரை திறக்கும். அக்காவுக்கு 1.1. இந்தச் சுருக்கத்தைத்தான் ரிப்போர்ட்டில் ஸ்டெனோசிஸ் என்கிறார்கள். இப்போதைய கணக்கில் 1.5 அல்லது அதற்குக் கீழே போனாலே சிவியர்தான். கீழறைக்கு ரத்தம் கொஞ்சமாகத்தான் வருகிறது. வந்ததை அது ஒழுங்காகத் தள்ளிவிடுகிறது, ஏனென்றால் தசையில் கோளாறு இல்லை. அதனால்தான் இஎஃப் 60. இறங்க முடியாத ரத்தமோ மேலறையில் தேங்கி, அழுத்தம் பின்னோக்கி நுரையீரல் வரைக்கும் போகிறது. படுத்தால் இருமல் வருவது அதனால்தான். நோயாளியை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து எக்கோ எடுக்கும்போது திரையில் அந்த வால்வு நன்றாகத் தெரியும். இரண்டு இதழ்களும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, நடுவில் மட்டும் மீன் வாய் போல ஒரு பிளவு திறந்து மூடும். அந்தப் பிளவின் ஓரத்தைச் சுற்றி கர்சரால் கோடு இழுத்தால் பரப்பு வந்துவிடும். உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள 1.1 அநேகமாக அப்படிக் கிடைத்ததுதான்.

சும்மா உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்கிறாள், மாடி ஏறினால்தான் சிரமப்படுகிறாள் என்கிறீர்களே, அதற்கும் காரணம் உண்டு. மைட்ரல் வால்வு திறந்திருப்பது இதயம் ஓய்வெடுக்கும் நேரத்தில் மட்டும். துடிப்பு வேகமாக ஆக ஆக, குறைவது அந்த ஓய்வு நேரம்தான். குறுகிய வாய், அதிலும் குறைந்த நேரம் என்றால் ரத்தம் இறங்குவதற்கு வழியேது? அதனால்தான் காய்ச்சல், ரத்தசோகை, தைராய்டு, கர்ப்பம் என்று துடிப்பைக் கூட்டுகிற எதுவும் இந்த நோயாளியைத் திடீரென்று படுக்க வைத்துவிடும். பீட்டா பிளாக்கர் மாத்திரை கொடுப்பது துடிப்பைக் குறைத்து ஓய்வு நேரத்தை நீட்டுவதற்காக. சால்புடமால் இன்ஹேலர் இதற்கு நேர் எதிர் வேலை செய்யும், துடிப்பைக் கூட்டும். ஆஸ்துமா மருந்து கேட்கவில்லை என்பதில் ஆச்சரியமே இல்லை. இளம்பெண், மூச்சு வாங்குது, இருமல் என்றால் ஸ்டெதாஸ்கோப்பை மார்பின் இடது ஓரத்தில் வைத்து, நிதானமாக ஒரு நிமிடம் கேட்டுவிட்டு இன்ஹேலர் எழுதினால் பாதிப் பேரை இந்த அலைச்சலிலிருந்து காப்பாற்றிவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

எக்கோ என்ற கருவி பிறந்ததே இந்த நோய்க்காக என்று சொன்னால் மிகையில்லை. 1953ல் ஸ்வீடனின் லுண்ட் நகரத்தில் இங்கெ எட்லர் என்ற மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும், கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்தில் விரிசல் தேடும் அல்ட்ராசவுண்ட் கருவியை இரவல் வாங்கிவந்து இதயத்தின் மேல் வைத்துப் பார்த்தார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் மைட்ரல் வால்வின் நிலைமையைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி வேண்டும் என்பதுதான் எட்லரின் தேவை.

சரி, இந்த வால்வு எப்படிக் கெட்டது? சிறு வயதில் வந்த தொண்டை வலியால். குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி 5 முதல் 15 வயதுக் குழந்தைகளின் தொண்டையில் வரும். அந்தக் கிருமியை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் ஆயுதம், இரண்டு மூன்று வாரம் கழித்து சில குழந்தைகளுக்கு ஆளை மாற்றிக்கொண்டு சொந்த மூட்டையும் இதயத்தையும் தாக்கும். அதுதான் ருமாட்டிக் காய்ச்சல். முழங்கால் வீங்கும், இரண்டு நாளில் அது வடிந்து கணுக்கால் வீங்கும், அப்புறம் மணிக்கட்டு. மூட்டை நக்கிவிட்டு இதயத்தைக் கடித்துவிடும் என்று இதைப் பற்றி மருத்துவர்கள் காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். மூட்டு முழுசாகச் சரியாகிவிடும், வால்வில் விழுந்த தழும்பு போகாது. அக்காவிடம் கேட்டால் சின்ன வயதில் மூட்டுவலியே வந்ததில்லை என்று சொல்லக்கூடும். நிறையப் பேருக்கு நினைவில் அப்படி எதுவும் இருப்பதில்லை. அதை வைத்து நோயை மறுக்க வேண்டாம்.

மேலை நாட்டுப் புத்தகங்களில் ருமாட்டிக் காய்ச்சலுக்கும் வால்வு சுருங்குவதற்கும் இடையே இருபது முப்பது வருடம் ஆகும் என்று இருக்கும். இந்தியாவில் அப்படி இல்லை. பதின்ம வயதிலேயே வால்வு இறுகிப்போன நோயாளிகளைப் பற்றி இதய மருத்துவர் சுஜய் ராயும் அவருடைய சகாக்களும் 1963லேயே ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். நெருக்கமான வீடு, திரும்பத் திரும்பத் தொண்டைப் புண், நடுவில் சரியான ஆன்டிபயாட்டிக் கிடைக்காதது, இதெல்லாம் சேர்ந்துதான் காலம் சுருங்கிவிடுகிறது. ஒவ்வொரு முறை காய்ச்சல் திரும்பும்போதும் தழும்பின் மேல் தழும்பு விழும். பணக்கார நாடுகளில் இந்த நோய் ஏறக்குறைய மறைந்துவிட்டது. அங்கேயும் ஆஸ்திரேலியப் பழங்குடிகள், நியூசிலாந்தின் மவோரி மக்கள் போன்றவர்களிடம் இன்னும் இருக்கிறது. இதை ஏழ்மையின் நோய் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

திரும்ப வராமல் தடுக்கத்தான் பென்சாதைன் பென்சிலின் ஊசி. 12 லட்சம் யூனிட், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, இடுப்புத் தசையில் ஆழமாக. பால் மாதிரி வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். மெல்லிய ஊசியில் போட்டால் அடைத்துக்கொள்ளும், அதனால் தடித்த ஊசிதான். வலிக்கும், இரண்டு நாள் கடுக்கும். ஊருக்குப் போனேன், பரீட்சை வந்துவிட்டது, நர்ஸ் போட மறுத்துவிட்டார் என்று விட்டுவிடுகிறவர்கள் அநேகம். ஆனால் இந்த நோயில் மலிவான மருந்தும் இதுதான், அதிகம் காப்பாற்றுகிற மருந்தும் இதுதான். உகாண்டாவில் எக்கோவில் மட்டும் லேசான மாற்றம் தெரிந்த 818 குழந்தைகளை வைத்து ஒரு ஆய்வு நடந்தது, 2022ல் முடிவு வந்தது. இரண்டு வருடத்தில், ஊசி போட்ட குழந்தைகளில் 0.8 சதவீதம் பேருக்குத்தான் நோய் முற்றியது. போடாதவர்களில் 8.2 சதவீதம்.

வால்வு ஏற்கெனவே கெட்டுவிட்ட அக்கா போன்றவர்களுக்குக் குறைந்தபட்சம் 40 வயது வரை இந்தத் தடுப்பு வேண்டும், சிலருக்கு ஆயுள் முழுக்க. பலூன் வைத்த பிறகும், ஏன், வால்வு மாற்றிய பிறகும் தொடர வேண்டும். மற்ற வால்வுகள் இன்னும் இருக்கின்றன அல்லவா? ஒரு விதிவிலக்கும் சொல்லிவிடுகிறேன். வால்வு மிகவும் இறுகி மூச்சு வாங்கும் நிலையில் இருப்பவர்களுக்கு, ஊசி போட்டதும் வலியிலும் பயத்திலும் ரத்த அழுத்தம் சரிந்து ஆபத்தாகலாம். அலர்ஜி என்று நினைத்த சில மரணங்கள் இப்படி நடந்தவையாக இருக்கலாம் என்று 2022ல் அமெரிக்க இதய சங்கம் எச்சரித்தது. அப்படிப்பட்டவர்களுக்கு ஊசிக்குப் பதில் மாத்திரையாகக் கொடுப்பதைப் பற்றி யோசிக்கச் சொன்னது. அக்காவுக்கு பலூன் முடிகிற வரை எது என்று அவருடைய இதய மருத்துவரிடமே கேளுங்கள். இரண்டுமே இல்லாமல் மட்டும் இருக்க வேண்டாம்.

இனி பலூன். இறுகிய மைட்ரல் வால்வைத் திறக்கும் வேலை பழையது. 1925ல் லண்டனில் ஹென்றி சவுட்டர் என்ற அறுவை மருத்துவர் துடித்துக்கொண்டிருக்கும் இதயத்துக்குள் விரலை விட்டே ஒரு பெண்ணின் வால்வை விரித்தார். நம் பக்கத்தில் இதற்குப் பேர்போன இடம் வேலூர் சி.எம்.சி. ஸ்டான்லி ஜானும் குழுவினரும் 3,724 நோயாளிகளுக்குச் செய்த மூடிய வால்வு விரிப்பு (நெஞ்சைத் திறந்தாலும் இதயத்தைத் திறக்காமல் விரிப்பது) ஆபரேஷனின் முடிவுகளை 1983ல் வெளியிட்டார்கள். உலகத்தில் இவ்வளவு பெரிய கணக்கு வேறு எங்கும் இருந்ததா என்று யோசிக்க வைக்கும் எண்ணிக்கை அது. அடுத்த வருடமே ஜப்பானின் கான்ஜி இனோவே, நெஞ்சைத் திறக்காமல் தொடை வழியாகப் போய் அதே வேலையைச் செய்யும் பலூனைப் பற்றி எழுதினார். இன்றைக்கு உங்கள் அக்காவுக்குச் செய்யப்போவது அதுதான்.

தொடையில் மரத்துப்போக ஊசி போட்டு, சிரை வழியாகக் குழாயை வலது மேலறைக்குக் கொண்டுபோவார்கள். இரண்டு மேலறைகளுக்கும் நடுவில் இருக்கும் சுவரை ஊசியால் துளைத்து இடது பக்கம் போவார்கள். கை தேர்ந்தவர் வேண்டும் என்பது இந்த இடத்தில்தான். அப்புறம் பலூனை வால்வுக்குள் இறக்குவார்கள். முன்பகுதி முதலில் உப்பும், பின்னுக்கு இழுத்து வால்வில் கொக்கி போல மாட்டியதும் பின்பகுதி உப்பும், கடைசியாக இடுப்புப் பகுதி உப்பி ஒட்டிய ஓரங்களைப் பிரிக்கும். சில விநாடி வேலை. நோயாளி முழித்திருப்பார். பலூனைச் சுருக்கி எடுத்ததும் மானிட்டரில் மேலறை அழுத்தம் 25லிருந்து 12, 13க்கு அப்படியே இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். நிறையப் பேர் அந்த மேஜையிலேயே “இப்ப மூச்சு லேசா இருக்கு” என்பார்கள். பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஒன்றிரண்டு நாளில் வீடு.

எல்லாருக்கும் பலூன் ஒத்துவராது. வால்வின் இதழ் எவ்வளவு தடித்திருக்கிறது, அசைகிறதா, சுண்ணாம்பு படிந்திருக்கிறதா, அடியில் உள்ள நாண்கள் ஒட்டிப்போயிருக்கிறதா என்று நாலுக்கும் நாலு நாலு மதிப்பெண் போடுவார்கள். மொத்தம் 8 அல்லது அதற்குக் கீழே இருந்தால் பலூனுக்கு நல்ல வால்வு. ரிப்போர்ட்டில் ‘வில்கின்ஸ் ஸ்கோர்’ என்று இருக்கும், பாருங்கள். மேலறையில் ரத்தக்கட்டி இருந்தாலும், வால்வில் கசிவு ஏற்கெனவே அதிகம் இருந்தாலும் செய்ய மாட்டார்கள். கட்டி இருக்கிறதா என்று பார்க்கத்தான் தொண்டை வழியாக ஒரு எக்கோ எடுப்பார்கள். கொஞ்சம் குமட்டும், அவ்வளவுதான். நூறில் சிலருக்கு பலூனில் இதழ் கிழிந்து அவசர ஆபரேஷன் வரை போவதுண்டு. பத்துப் பதினைந்து வருடத்தில் திரும்பச் சுருங்கலாம். சுருங்கினால் இன்னொரு பலூன் வைக்க முடிகிறவர்களும் இருக்கிறார்கள்.

குழந்தை விஷயம். தாராளமாகப் பெற்றுக்கொள்ளலாம், ஆனால் பலூன் முடிந்த பிறகு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். கர்ப்பத்தில் உடம்பில் ரத்தத்தின் அளவு 40, 50 சதவீதம் கூடும், துடிப்பும் கூடும். 1.1 சதுர செ.மீ. வாயால் அதைத் தாங்க முடியாது. ஐந்தாம் ஆறாம் மாதத்தில் மூச்சுத்திணறலோடு வந்து, அப்போதுதான் முதல்முறையாக நோய் தெரியவருகிற பெண்கள் நம் ஊரில் குறைவில்லை. பிரசவம் முடிந்ததும் ஆபத்து தீர்ந்தது என்று வீட்டார் நினைப்பார்கள். சுருங்கும் கர்ப்பப்பையிலிருந்து ரத்தம் திடீரென்று இதயத்துக்குத் திரும்புவதால் பிரசவத்துக்கு அடுத்த ஒன்றிரண்டு நாள்தான் இன்னும் மோசம். ஒருவேளை இதற்குள் அக்கா உண்டாகியிருந்தாலும் பயந்துபோய்க் கலைக்க ஓட வேண்டாம். வயிற்றுக்கு ஈயக் கவசம் போட்டுக் கர்ப்பத்திலேயே பலூன் செய்ய முடியும், நடு மாதங்களில் செய்வது வழக்கம். உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள், மறைத்து வைக்காதீர்கள். வளைகாப்புக்கு நாள் குறிக்கிற அவசரத்தில் இந்த ரிப்போர்ட்டை மாமியார் வீட்டில் காட்டாமல் வைத்திருக்கிற குடும்பங்களைப் பார்த்துச் சலித்துவிட்டது.

பலூனை வற்புறுத்த இன்னொரு காரணமும் இருக்கிறது. சொந்த வால்வு சொந்த வால்வுதான். மாற்று வால்வில் இரண்டு வகை. உலோக வால்வு நெடுநாள் உழைக்கும், ஆனால் ரத்தம் அதில் உறையாமல் இருக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாத்திரை ஆயுளுக்கும் வேண்டும். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பிடி-ஐஎன்ஆர் பரிசோதனையைப் பார்த்துப் பார்த்து, மைட்ரலுக்கு 2.5 முதல் 3.5க்குள் வைத்திருக்க வேண்டும். குறைந்தால் வால்வில் கட்டி, கூடினால் ரத்தப்போக்கு. வார்ஃபரின் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் கருவைப் பாதிக்கக்கூடியது, நிறுத்தினால் தாய்க்கு ஆபத்து. இளம்பெண்ணுக்கு இது பெரிய தர்மசங்கடம். விலங்குத் திசுவில் செய்த வால்வுக்கு அந்த மாத்திரை காலம் முழுக்கத் தேவையில்லை, ஆனால் இள வயதில் சீக்கிரம் தேய்ந்துவிடும், இன்னொரு ஆபரேஷன் நிச்சயம்.

உலோக வால்வு என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் இதய அறுவை மருத்துவர் எம்.எஸ்.வலியத்தான் தலைமையில் பல வருடம் பாடுபட்டு ஒரு வால்வு செய்தார்கள். முதலில் தேர்ந்தெடுத்த பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதனையில் தோற்றன. கடைசியில் உலோகக் கூட்டில் ஒரு பிளாஸ்டிக் வட்டு சாய்ந்து திறக்கும் வடிவம் நின்றது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். டிடிகே நிறுவனம் தயாரித்த அந்தச் சித்ரா வால்வு இறக்குமதி வால்வைவிட மலிவு என்பதால் எத்தனையோ ஏழை நோயாளிகளுக்குக் கைகொடுத்தது. வட்டு பிளாஸ்டிக் என்பதால் சத்தமும் குறைவு. மற்ற உலோக வால்வு வைத்தவர் பக்கத்தில் ராத்திரி படுத்தால் டிக், டிக் என்று கேட்கும்.

கீரை சாப்பிடக் கூடாதா என்று அசிட்ரோம் சாப்பிடும் எல்லாரும் கேட்பார்கள். சாப்பிடலாம், வாரா வாரம் ஒரே அளவில். ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்றால்தான் ஐஎன்ஆர் ஊஞ்சலாடும். ருமாட்டிக் வால்வோடு துடிப்பு தாறுமாறாகிவிட்டவர்களுக்கும் இதே மாத்திரைதான். பரிசோதனையே வேண்டாத புது மாத்திரை இருக்கிறதே என்று கடையில் சிலர் மாற்றிவிடுகிறார்கள். 24 நாடுகளில் 4,500க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்து 2022ல் வெளியான ஆய்வில், அந்தப் புது வகையைச் சேர்ந்த ரிவராக்சபனைவிட வார்ஃபரின் வகை மாத்திரை சாப்பிட்டவர்களிடம் பக்கவாதமும் மரணமும் குறைவாக இருந்தன. பழைய மாத்திரையே இங்கே கெட்டிக்காரன்.

சித்தப்பாவுக்கு வருகிறேன். அவருக்கு வால்வு நன்றாக இருந்து தசை தளர்ந்திருக்கிறது. கீழறை விரிந்து, சுவர் மெலிந்து, தள்ளும் சக்தி பாதியாகிவிட்டது. அதனால்தான் இஎஃப் 30. ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை என்பது நோய் இல்லை என்பதற்கான சான்று அல்ல, அடைப்பால் வந்த நோய் இல்லை என்பதற்கு மட்டும்தான். தசை தளர வேறு காரணங்கள் எத்தனையோ. வைரஸ், மரபணு, சில புற்றுநோய் மருந்துகள், நீண்ட நாள் கட்டுக்கடங்காத வேகத் துடிப்பு, தைராய்டு, பிரசவத்தை ஒட்டி வரும் ஒரு வகை, அப்புறம் சாராயம். அவர் தினமும் குடிப்பவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குடியை அடியோடு நிறுத்தினால் நன்றாகத் தேறக்கூடிய வகை இது. ‘கொஞ்சமா’ என்று பேரம் பேசாதீர்கள்.

அவருடைய ரிப்போர்ட்டில் மைட்ரல் கசிவு என்றும் இருக்கலாம். உடனே அவருக்கும் வால்வு கெட்டுவிட்டது என்று குழம்ப வேண்டாம். அறை விரிந்ததால் வால்வின் வளையமும் விரிந்து இதழ்கள் ஒன்றையொன்று தொட முடியாமல் போயிருக்கும், இதழில் குறை இருக்காது. தசை தேறினால் கசிவும் குறையும்.

அவருக்கு மாத்திரைதான் வைத்தியம், அதுவும் நாலு வகை: சாகுபிட்ரில்–வால்சார்டன் அல்லது அதற்கு ஒப்பான மாத்திரை, பீட்டா பிளாக்கர், ஸ்பைரோனோலாக்டோன், டபாக்ளிஃப்ளோசின். கடைசி மாத்திரை சர்க்கரை வியாதிக்கு வந்தது. மருந்துக்கடையில் “உங்களுக்குச் சுகரா?” என்று கேட்டுக் குழப்புவார்கள். சர்க்கரை இல்லாதவர்களுக்கும் இதயத்துக்காகத் தருவதுதான். ரத்த அழுத்தம் 100க்குக் கீழே இருக்கிறதே, பிரஷர் மாத்திரை எதற்கு என்று நிறுத்திவிடுகிற வழக்கமும் உண்டு. அவை இங்கே பிரஷருக்காகத் தரப்படவில்லை. தலைசுற்றல் இருந்தால் சொல்லி அளவை மாற்றிக்கொள்ளுங்கள். தினமும் காலையில் எடை பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது நீர்தான், கால் வீங்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள்.

மூன்று மாதம் முழு அளவில் மருந்து சாப்பிட்ட பிறகு திரும்ப எக்கோ எடுக்க வேண்டும். அப்போதும் 35ஐத் தாண்டவில்லை என்றால் ஐசிடி என்ற அதிர்வுக் கருவியைப் பற்றிப் பேசுவார்கள். திடீர் மரணத்தைத் தடுப்பதற்கு அது. ஏறி 50க்கு வந்துவிட்டது என்றால் சந்தோஷம், ஆனால் மாத்திரையை நிறுத்த வேண்டாம். அப்படித் தேறியவர்களுக்கு மருந்தைப் படிப்படியாக நிறுத்திப் பார்த்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், ஆறே மாதத்தில் 44 சதவீதம் பேருக்கு நோய் திரும்பிவிட்டது.

இப்போது இஎஃப்பின் மறுபக்கம். தசை நோயிலேயே இன்னொரு வகையில் இஎஃப் 70, 75 என்று இருக்கும். தசை அளவுக்கு மீறித் தடித்துப்போகிற நோய் அது, ஐந்நூறு பேரில் ஒருவருக்கு இருக்கும். சுவர் 15 மி.மீ.க்கு மேல் தடித்து, உள்ளே இடம் குறைந்து, சிலருக்கு ரத்தம் வெளியேறும் வழியையே அந்தத் தசை மறித்துவிடும். விளையாட்டு மைதானத்தில் இளைஞர்கள் திடீரென்று சரிந்து விழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நெஞ்சுவலி என்று நாக்குக்கு அடியில் ரத்தக்குழாயை விரிக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை வைத்தால் மறிப்பு கூடி மயங்கி விழலாம். அதேபோல மைட்ரல் வால்வு கடுமையாகக் கசிகிற நோயில் இஎஃப் 60 என்பதே அபாய மணி. பாதி ரத்தம் பின்னால் சுலபமாக ஓடிவிடுவதால் அங்கே 65க்கு மேல்தான் இருக்க வேண்டும். 60க்கு வந்துவிட்டால் மூச்சு வாங்காவிட்டாலும் ஆபரேஷனுக்கு நேரம் வந்துவிட்டது என்று பொருள். ஒரே 60, உங்கள் அக்காவிடம் தசை நன்றாக இருக்கிறது என்கிறது, இன்னொருவரிடம் தசை தோற்க ஆரம்பித்துவிட்டது என்கிறது.

வயதானவர்களுக்கு வரும் அயோர்ட்டிக் வால்வு சுருக்கத்திலும் இஎஃப் நெடுநாள் நன்றாகவே இருக்கும். நடக்கும்போது மயக்கமோ நெஞ்சுவலியோ வந்துவிட்டால் தள்ளிப்போடக் கூடாது, அவ்வளவு போதும் இங்கே.

உங்களுக்கு வருமா என்பது கடைசிக் கேள்வி. அக்காவின் நோய் பரம்பரை நோய் அல்ல, தொற்றும் அல்ல. ஆனால் நீங்கள் இருவரும் ஒரே வீட்டில், ஒரே தொண்டைக் கிருமிகளோடு வளர்ந்தவர்கள். ஒரு எக்கோ எடுத்துப் பார்த்துவிடுவதில் நஷ்டமில்லை. வீட்டில் குழந்தைகள் இருந்தால், சளி இல்லாமல் காய்ச்சலோடு தொண்டை வலித்து, கழுத்தில் நெறி கட்டினால் மிளகுப்பாலோடு நிறுத்திக்கொள்ளாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சித்தப்பாவின் நோயில் மரபணுவுக்குப் பங்கிருக்கலாம், குடிப்பவராக இருந்தாலும்கூட. தெற்காசியர்களிடம் இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு மாற்றம் இருக்கிறது. இந்தியாவில் நூற்றுக்கு நாலு பேர் அளவுக்கு அதைச் சுமக்கிறார்கள் என்று தண்டபாணியும் சகாக்களும் 2009ல் ‘நேச்சர் ஜெனடிக்ஸ்’ இதழில் காட்டினார்கள். சுமக்கிற எல்லாருக்கும் நோய் வருவதில்லை, வருகிறவர்களுக்கும் பெரும்பாலும் நடுவயதுக்குப் பிறகுதான். ஆகவே சித்தப்பாவின் பிள்ளைகளும், கூடப்பிறந்தவர் என்ற முறையில் உங்கள் அப்பாவும் ஒரு இசிஜி, ஒரு எக்கோ எடுத்துக்கொள்வது அவசியம். அப்பாவுக்கு நன்றாக இருந்தால் உங்களுக்கு இப்போதைக்கு அவசரம் எதுவும் இல்லை. பிள்ளைகளுக்கு இப்போது நார்மல் என்று வந்தாலும் சில வருடத்துக்கு ஒருமுறை திரும்ப எடுக்க வேண்டும். அக்காவுக்கு பலூன் தேதி வாங்கும்போது முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். பல் பிடுங்கவோ சுத்தம் பண்ணவோ வேண்டியிருந்தால் அதற்கு முன்பே முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.